பன்னிரண்டுக்குப் பதின்மூன்று

ஐந்து விளக்கிலிருந்து நாலாவது கடை.
இந்தப் பக்கம் ஜெராக்ஸ், அந்தப் பக்கம் மாவு மில்.
மில் ஓடும்போது என் மேசை அதிரும்,
மேசைக் கண்ணாடிக்குக் கீழே
கப்பல் படமும் கொஞ்சம் அதிரும்.

பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவார் சிகப்பி ஆச்சி,
கேஸ் ரசீதின் பின்பக்கம் கேள்விகளை எழுதிக்கொண்டு.
"ரெஜினா, ஜன்னல் இல்லாத ரூம்னு போட்டிருக்கே,
என்ன அளவு?"
பன்னிரண்டுக்குப் பதின்மூன்று.
"எங்க வீட்டுல நெல்லுக் கொட்டுற அறை இதைவிடப் பெருசு."
அது பினாங்கு போகாதே ஆச்சி, என்றேன்.
சிரிக்கவில்லை. அளவை எழுதிக்கொண்டார்.

ஆடுமா?
ஆடும்.
கீழ்த்தளத்தில், நீளத்துக்கு நடுவாக எடுத்தால் குறைவு.
உச்சியில் பால்கனி எடுத்த கொத்தமங்கலம் டாக்டர்
மூன்று நாளும் கடலைப் பார்க்கவில்லை,
வாளியைத்தான் பார்த்தார்.

ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்புதே, ராகு காலம்?
கிளம்புவது கப்பல். நீங்கள் ஏறுவது இரண்டு மணிக்கு.
கால் வைத்த நேரம்தானே கணக்கு?
(என் வேதத்தில் இதற்கு இடமில்லை.
என் தொழிலில் உண்டு.)

திருச்சியிலிருந்து அதே நாள் விமானம் வேண்டாம்,
முதல் நாளே போய்விடுங்கள்.
கையைக் காட்டினால் டவுன் பஸ் நிற்கும்,
கப்பல் நிற்காது.
சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவது
இன்னொரு நுழைவு, விசாவில் அது இருக்கணும்.
மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள்,
பெட்டி அறைக்கு வர ராத்திரி ஆகலாம்.
இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.
சைவம் உண்டு, முன்னாலேயே எழுதித் தரணும்.
சாம்பார் என்று பெயர் எழுதி ஒன்று வைத்திருப்பார்கள்,
அந்தப் பெயரை மறந்துவிட்டுச் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும்.
கரை மறைந்ததும் போனை விமான நிலைக்கு மாற்றுங்கள்.
கானாடுகாத்தான் பையன் ஒருவன் மாமியாரிடம்
"சாப்பிட்டாச்சு" என்று சொன்னதற்கு
நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.

நாலாவது தடவை கணவரும் வந்தார்.
சாத்தப்பன், கூட்டுறவு வங்கியில் இருந்தவர்.
ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
"நடுவுல இறங்கணும்னா?"

பிரிண்டரில் பேப்பர் சிக்கியதுபோல் குனிந்துகொண்டேன்.
ஆச்சி அவர் கையில்
தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.
பிறகு அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார்.

நான் போனதில்லை.
தொண்டியில் கணுக்கால் நனைத்ததோடு சரி.
பதினோரு வருஷம், இருநூற்றுச் சொச்சம் பேர்.
என் குறிப்பு நோட்டில் இருப்பதெல்லாம்
போய் வந்தவர்கள் பட்டது:
வாந்தி, அபராதம்,
மூன்றாம் நாள் வரை பேசிக்கொள்ளாத தம்பதி.
"எப்ப போனே?" என்று யாரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்,
அது பொய்.

பினாங்கிலிருந்து ஆச்சி செய்தி:
"விளக்கை அணைச்சா, கண்ணு தொறந்திருக்கா
மூடியிருக்கான்னே தெரியலை.
இவுக மூச்சு முட்டுதுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாக.
அப்புறம் டிவியில கப்பலோட முன்பக்க கேமரா வருது,
அதைப் போட்டு, சத்தத்தைக் குறைச்சு,
விடிய விடிய ஜன்னலா வெச்சிருந்தாக.
விடியும்போது மொதல்ல டிவிதான் வெளுக்குது.
மத்தவுகளுக்கும் சொல்லு."

நோட்டை எடுத்தவள் எழுதவில்லை.
இழுப்பறையில் வாடகைப் பத்திரம் இருந்தது.
படித்துப் பார்த்தேன்.
கடை, கிழமேல் பன்னிரண்டு அடி, தென்வடல் பதின்மூன்று.

ஷட்டரை உள்ளிருந்து இறக்கினேன்.
விளக்கை அணைத்தேன்.
ஆச்சி சொன்னது சரிதான்,
கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பக்கத்தில் மில்காரர் மோட்டாரைப் போட்டார்.
முதலில் மேசை, பிறகு நாற்காலி,
பிறகு என் முதுகு.
இரண்டு நிமிஷம் இருக்கும்.
கரை மறைந்துகொண்டிருந்தபோது
மிளகாய் நெடி வந்தது.
தும்மினேன்.